பத்தாம் நம்பர் நீலச் சட்டை

தேவதாஸ் அண்ணனுக்கு,

பாலியஸ்டர் சட்டையை வெயிலில் காயப்போடக் கூடாது. நிழலில்தான் போட வேண்டும், அதுவும் உள்பக்கத்தை வெளியே திருப்பி. இல்லாவிட்டால் முதுகில் ஒட்டிய நம்பர் ஓரத்திலிருந்து உரிய ஆரம்பித்துவிடும். இது எனக்குப் பதின்மூன்று வயதிலேயே தெரியும்.

நம் கால்பந்துச் சங்கத்தின் ஆரோன் நினைவுப் போட்டிக்கு இது ஏழாம் ஆண்டு. போட்டி மலருக்காக, “சின்ன வயசுல போட்ட ஜெர்ஸிங்களப் பத்தி ஜாலியா ரெண்டு பக்கம் எழுதிக் குடுடா கோபி” என்று கேட்டீர்கள். நீங்கள் சங்கச் செயலாளர், நான் மூன்று வருடமாகச் சின்னப் பசங்களுக்குப் பயிற்சி கொடுக்கிறேன், மறுக்க முடியாது. எழுதுகிறேன்.

2002 மே மாதம். உலகக் கோப்பை தொடங்க இன்னும் பத்து நாள். சாரம் பகுதியில் எங்கள் தெருவில் மொத்தம் பதினோரு பையன்கள், ஒரே டீம். எல்லாருக்கும் நீலச் சட்டை என்று முடிவானது. பிரான்ஸ் என்றால், பிரெஞ்சுக்காரர்கள் ஆண்ட இந்த ஊரில் யாருக்கும் விளக்கம் சொல்ல வேண்டியதில்லை. தெருவுக்கு ஒரு சொல்தா வீடு, அதாவது பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்தவர் வீடு, அந்த வீட்டுக்கு அங்கே ஒரு மாமா. போன தடவை கோப்பையை வாங்கியவர்களும் அவர்கள்தான். இந்தத் தடவை ஒரு கோல்கூடப் போடாமல் முதல் சுற்றிலேயே மூட்டை கட்டப் போகிறார்கள் என்று அப்போது யார் கண்டது?

சட்டைகளைக் காந்தி வீதி சண்டே மார்க்கெட்டில் வாங்கினோம். தார்ப்பாய் விரித்துக் குவித்துப் போட்டிருந்தார்கள். நெஞ்சில் பிரான்ஸ் டீமின் சேவல் இருக்க வேண்டிய இடத்தில் ஏதோ ஒரு பறவை இருந்தது. காக்காவா கௌதாரியா என்று பஸ்ஸில் வரும் வழியெல்லாம் சண்டை போட்டோம். முதல் தடவை வியர்த்தபோதே சாயம் போனது. ஒரு வாரம் எங்கள் அத்தனை பேர் அக்குளும் நீலமாக இருந்தது. அதைக் காட்டிக் காட்டிச் சிரித்தோம். அந்தச் சிரிப்பை நினைத்தால் இப்போதும் எனக்குச் சந்தோஷமாகத்தான் இருக்கிறது.

நம்பர்களை ஸ்டிக்கர் கடையில் வெட்டி இஸ்திரிப் பெட்டியால் ஒட்டித் தந்தார்கள். யாருக்கு எந்த நம்பர் என்பதற்குச் சீட்டு போட்டோம். பத்து எனக்கு விழுந்தது. துணி காயும் கொடியில் எல்லாச் சட்டையும் ஒன்றுபோல இருந்ததால், என் அம்மா பாக்கியலட்சுமி காலருக்கு உள்ளே சிவப்பு நூலில் ‘கோ’ என்று தைத்துவிட்டார்கள். ஒரு டீம், ஒரு பத்து. யார் எங்கள் தெருவுக்கு வந்து பத்தாம் நம்பர் எவன் என்று கேட்டாலும், மூக்கொழுகும் பொடிசுகூட என் வீட்டைக் காட்டும். அப்போது அது பெரிய கௌரவம்.

ஆரோன்தான் எங்கள் கேப்டன். புஷ்பமேரி அம்மாவின் ஒரே பிள்ளை. பத்து அவனுக்கு உயிர். “எனக்குக் குடுங்கடா” என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் கொடுத்திருப்போம். சீட்டு போடலாம் என்று சொன்னவனே அவன்தான். அவனிடம் மட்டும் நிஜச் சட்டை இருந்தது. பிரான்சில் பட்டாளத்தில் இருந்த அவன் மாமா அனுப்பியது. அதில் சேவல் சேவலாகவே இருந்தது, தொட்டால் நூல் புடைப்பாக விரலில் பட்டது. ஆனால் முதுகு வெறும் நீலம். நம்பர் ஒட்ட மேரிம்மா விடவில்லை. “அவ்ளோ தூரத்துலேர்ந்து வந்த துணிமேல சூடு வெக்கிறதா, போடா” என்று அலமாரியில் வைத்துப் பூட்டி, விளையாடும்போது மட்டும் எடுத்துத் தருவார்கள். அவன் என் முதுகைப் பார்ப்பான், நான் அவன் நெஞ்சைப் பார்ப்பேன். “மாத்திக்கலாமாடா கோபி, ஒரே ஒரு மேட்ச்?” என்று நாளைக்கு நாலு தடவை கேட்பான். மாட்டேன் என்பேன். இதை நீங்கள் ஞாபகம் வைத்துக்கொள்ள வேண்டும். கேட்டவன் அவன்.

ஜூன் பதினாறு, ஞாயிற்றுக்கிழமை. மதியம் மூன்று மணிக்கு நான் மட்டும் மைதானத்துக்குப் போனேன். டீம் பந்து அந்த வாரம் என் பொறுப்பில் இருந்தது. மைதானம் என்பது பெயருக்குத்தான், மதில் இடிந்த காலி மனை. பந்தை வளைத்து உதைக்கப் பழகிக்கொண்டிருந்தேன். இருபது உதையில் ஒன்றுகூட வரவில்லை. இருபத்தோராவது வந்தது. மதிலுக்கு மேலே போய், நான் நினைத்தபடியே இடது பக்கம் திரும்பித் தெருவில் இறங்கியது. அதுவரை அப்படி ஒரு உதை எனக்கு அமைந்ததில்லை.

இடிந்த மதில் வழியாகப் பந்தை எடுக்க ஓடினேன். ஒரு மொபெட் சாய்ந்து கிடந்தது. சக்கரம் சுற்றிக்கொண்டிருந்தது. ஓட்டி வந்தவர் முட்டி போட்டுக் குனிந்திருந்தார். முன்னால் நிற்க வைத்து அழைத்து வந்த குழந்தை, மஞ்சள் கவுன், வாய்க்கால் கட்டையோரம் கிடந்தது. அழவில்லை. அவர் தலையைத் தூக்குவதற்குள் நான் திரும்பி ஓடிவிட்டேன். அவர் பார்த்தது என் முதுகை மட்டும், அதில் இருந்த பத்தை.

பந்து எங்கே என்று சாயங்காலம் ஆரோன் கேட்டான். பெரிய சாக்கடையில் போய்விட்டது என்றேன். “போனாப் போவுது, எங்க மாமா வரும்போது வேற வாங்கிக்கலாம்டா” என்றான்.

செவ்வாய்க்கிழமை குழந்தை ஆஸ்பத்திரியில் செத்துப்போனது. புதன்கிழமை பேப்பரில் நாலு வரி வந்தது, அப்பா சத்தமாகப் படித்தார். தவளக்குப்பம் தணிகாசலம் என்பவரின் இரண்டு வயது மகள் சுமலதா. அம்மா உச்சுக் கொட்டிக்கொண்டே எனக்கு இன்னொரு தோசை வைத்தார்கள். நான் சாப்பிட்டேன். சாப்பிடாவிட்டால் ஏன் என்று கேட்பார்கள்.

வியாழக்கிழமை அவர் வந்தார்.

சத்தம் போடுகிறவராக இருந்திருந்தால் எனக்கு அவ்வளவு பயம் வந்திருக்காது. மொபெட்டை இடிந்த மதிலோரம் நிறுத்திவிட்டு, அதன் மேலேயே உட்கார்ந்து, நாங்கள் இரவல் பந்தில் விளையாடுவதைப் பார்த்தார். முகங்களைப் பார்க்கவில்லை, முதுகுகளைப் பார்த்தார். ஹேண்டில்பாரில் ஒரு உரச்சாக்குப் பை தொங்கியது, உள்ளே உருண்டையாக ஏதோ. அது என்னவென்று அந்த இடத்தில் எனக்கு மட்டும் தெரியும். அன்று அம்மா சட்டையைத் துவைத்துப் போட்டிருந்தார்கள், அதனால் பனியனோடு விளையாடினேன். இருட்டும் முன் அவர் போய்விட்டார்.

வெள்ளிக்கிழமையும் வந்தார். தெருக்கோடி டீக்கடையில் யாரிடமோ ஏதோ விசாரிப்பதைப் பார்த்தேன். அன்றும் சட்டை ஈரம் என்று பொய் சொன்னேன். உடனே எனக்குப் புரிந்துவிட்டது, சட்டையை ஒளித்துப் பயனில்லை. எரித்தாலும் பயனில்லை. பத்து என்பது துணியில் இல்லை, தெருவில் எல்லார் வாயிலும் இருந்தது. அது என்னைவிட்டுப் போக வேண்டும், நாலு பேர் பார்க்கப் போக வேண்டும், போய் இன்னொருவன் மேல் உட்கார வேண்டும். பதின்மூன்று வயதுக்கு இது நல்ல யோசனை என்றுதான் இப்போதும் எனக்குத் தோன்றுகிறது. பயம் மூளையை மழுக்கிவிடும் என்பார்கள். எனக்கு அப்படி இல்லை, தெளிவாக இருந்தது.

சனிக்கிழமை ஆரோன் வீட்டு டிவியில் எல்லாரும் மேட்ச் பார்த்தோம். முடிந்ததும் தோற்றவனும் ஜெயித்தவனும் சட்டையைக் கழற்றி மாற்றிக்கொண்டார்கள். சாயங்காலம் விளையாடி முடித்ததும் நான் நடுவில் போய் நின்று, என் சட்டையைக் கழற்றி ஆரோனிடம் நீட்டினேன். “இந்தாடா. இனிமே நீதான் பத்து. ஒரு மேட்சுக்கு இல்ல, எப்பவும்” என்றேன். பையன்கள் விசிலடித்தார்கள். ஆரோனுக்குக் கண் கலங்கிவிட்டது. நிஜச் சட்டையைக் கழற்றி எனக்குக் கொடுத்தான். “எங்கம்மாகிட்ட நான் சொல்லிக்கிறேன், நீ கவலப்படாத” என்றான். பறவை எதுவென்று தெரியாத, சாயம் போன சட்டையைப் போட்டுக்கொண்டு, என் முதுகு எப்படிடா இருக்கு என்று ஒவ்வொருவனிடமும் திரும்பித் திரும்பிக் காட்டினான். அவ்வளவு சந்தோஷமாக நான் அவனைப் பார்த்ததில்லை. அன்றைக்கு மதிலோரம் யாரும் இல்லை.

ஞாயிறு சாயங்காலம் ஐந்து மணிக்கு வந்தார். இந்தத் தடவை வண்டியைவிட்டு இறங்கி, பையைக் கையில் எடுத்துக்கொண்டு உள்ளே வந்தார். நான் ஓரமாக உட்கார்ந்து ஷூ கட்டிக்கொண்டிருந்தேன். நேராக என்னிடம்தான் வந்தார். முடிந்தது கதை என்று நினைத்தேன். ஷூ கயிறு முடிச்சுக்கு வரவில்லை.

“தம்பி, பத்தாம் நம்பர் போட்டுக்கினு ஆடுற பையன் எவன்?”

குரல் மெதுவாக, கொஞ்சம் கம்மிப்போய் இருந்தது. நான் கையைத் தூக்கவில்லை. தாடையால் காட்டினேன்.

“அவனா? எப்பவும் அவன்தான் போடுவானா?”

“ஆமாங்க” என்றேன்.

அவர் ஆரோனைக் கூப்பிட்டுப் பையைத் திறந்து காட்டினார். காற்றுப் போய்ச் சப்பையாக எங்கள் பந்து. “இது உன்னுதா?” என்றார். ஆரோன் கேப்டன். டீம் பந்தைக் காட்டி யார் கேட்டாலும் அவன் ஒரே பதில்தான் சொல்லுவான். “என்னுதுதாண்ணே” என்றான். அவர், காற்றுப் போயிருக்கிறது, வா, சைக்கிள் கடையில் அடித்துத் தருகிறேன் என்றார்.

ஆரோன் என் பக்கம் திரும்பினான். “டேய் கோபி, நம்ம பந்து கெடச்சிடுச்சிடா. சாக்கடைல போயிடுச்சின்னியே?”

அவன் பதிலுக்காகக் காத்திருந்தான். அண்ணே, அந்த இடத்தில் நான் எதுவும் சொல்லாமல் இருந்திருந்தால்கூட அவன் இன்னும் இரண்டு கேள்வி கேட்டிருப்பான், வண்டியில் ஏறியிருக்க மாட்டான். “போய் வாங்கியாடா, சீக்கிரம் வா” என்றேன்.

பின்னால் ஏறி உட்கார்ந்து பந்தை மடியில் வைத்துக்கொண்டான். தெரு முனையில் வண்டி திரும்பும்போது என்னைத் திரும்பிப் பார்த்தான். கையாட்டவில்லை. வெயிலில் காயப்போட்டிருப்பான் போல, முதுகில் பத்தில் இருந்த ஒன்றின் அடிமூலை உரிந்து காற்றில் ஆடியது.

நான் வீட்டுக்குப் போய் மொட்டை மாடியில் தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால் உட்கார்ந்துகொண்டேன். ஏழு மணி வாக்கில் கீழே சத்தம் கேட்டது. அரியாங்குப்பம் பாலத்துக்கு அடியில் மீன்காரர்கள் ஒரு பையனைப் பிணமாகத் தூக்கியிருக்கிறார்கள். நீலச் சட்டை, பத்தாம் நம்பர், காலருக்குள் சிவப்பு நூலில் ‘கோ’. எங்கள் தெருவில் போன் வந்த கடையில் நின்றவர்களுக்கு யோசிக்க என்ன இருக்கிறது? நேராக எங்கள் வீட்டுக்கு வந்துவிட்டார்கள்.

அம்மா என் பெயரைச் சொல்லிக் கதறினார்கள். “எங்கோபி, எங்கண்ணு, சாப்புடாமப் போனியேடா” என்று நெஞ்சில் அடித்துக்கொள்ளும் சத்தம் மாடிவரை கேட்டது. நான் இறங்கவில்லை. அரை மணி நேரம் இறங்கவில்லை. ஒரு வாரமாக என் நெஞ்சில் உட்கார்ந்திருந்தது எழுந்து போய்விட்டது. பத்தாம் நம்பர் செத்துவிட்டான், இனி யாரும் அவனைத் தேட மாட்டார்கள். அம்மா அழுவதைக் கேட்டுக்கொண்டே எனக்குக் கொஞ்சம் தூக்கம்கூட வந்தது. தாகம் எடுத்ததால்தான் இறங்கினேன்.

வாசலில் கூட்டம். கோயிலிலிருந்து அப்படியே வந்த மேரிம்மா, தலையில் போட்ட முக்காடு கலையாமல், என் அம்மாவை மடியில் சாய்த்துப் பிடித்திருந்தார்கள். “அழு பாக்கியம், அழுதுடு” என்று முதுகைத் தடவிக்கொண்டிருந்தார்கள். என்னைப் பார்த்ததும் அம்மா அலறி எழுந்து கட்டிக்கொண்டார்கள். தெருவே பெருமூச்சு விட்டது. மேரிம்மா மட்டும் எழுந்திருக்கவில்லை. என் முகத்தைப் பார்க்கவில்லை. என் நெஞ்சில் இருந்த சேவலைப் பார்த்தார்கள். பிறகு எழுந்து கிட்டே வந்து அதை விரலால் தொட்டுப் பார்த்தார்கள்.

“கோபி, இது எப்பட்றா உன் ஒடம்புல?”

“அவன்தாம்மா கேட்டான்” என்றேன். அது உண்மை.

தணிகாசலம் எங்கேயும் ஓடவில்லை. பாலத்துக் கட்டையில் பந்தை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாராம். நான்தான் தள்ளினேன் என்று சொல்லிவிட்டார். போலீஸ் என்னிடம் இரண்டு கேள்விதான் கேட்டார்கள். சட்டை எப்படி மாறியது என்பதற்கு, டிவியில் பார்த்து மாற்றிக்கொண்டோம் என்றேன், ஒன்பது பையன்கள் சாட்சி. பந்தை உதைத்தது யார் என்பதற்கு, ஆரோன் என்றேன். அந்த ஞாயிற்றுக்கிழமை என் சட்டையை இரவல் வாங்கிப் போட்டுக்கொண்டு தனியாகப் போனான், அப்புறம் என்னிடம் அழுதுகொண்டே சொன்னான் என்றேன். செத்தவனுக்கு அதனால் என்ன நஷ்டம்? உயிரோடு இருப்பவனுக்குத்தானே எல்லாம். இந்த நியாயம் அன்றைக்கு எனக்குப் பெரிய ஆறுதலாக இருந்தது.

கோர்ட்டில் தணிகாசலம், கடைசிவரை அந்தப் பையன் ‘நான் இல்லண்ணே’ என்றுதான் சொன்னான் என்றார். வீட்டில் இதைக் கேட்ட மேரிம்மாவுக்கு மகன் செத்ததைவிட அது பெரிய இடியாக இருந்தது. ஒரு குழந்தையைக் கொன்றுவிட்டு, பொய் சொல்லிக்கொண்டே ஆண்டவரிடம் போய்விட்டான் என்று நினைத்துவிட்டார்கள். ஏழு வருடமாக மாதம் ஒரு பூசை, அந்தப் பொய்யை மன்னிக்கச் சொல்லி. வருடா வருடம் நவம்பரில் கல்லறைத் திருநாள் அன்று மகன் கல்லறையில் மெழுகுவத்தி ஏற்றிவிட்டு, நேராகத் தவளக்குப்பம் போய், சுமலதாவின் தாய் அஞ்சலாட்சியின் வாசலில் நின்று கையெடுத்துக் கும்பிட்டு மன்னிப்புக் கேட்பார்கள். பைக்கில் கூட்டிப்போவது நான்தான். அவர்களுக்கு நான் பிள்ளை மாதிரி. கிறிஸ்துமஸுக்குச் சட்டை எடுத்துத் தருவார்கள். நிஜச் சட்டையைத் திருப்பிக் கேட்டதே இல்லை. நான் வருடத்துக்கு ஒரு தடவை அதைத் துவைத்து, உள்பக்கம் திருப்பி, நிழலில் போடுகிறேன். நம்பரே இல்லாத சட்டைக்கு அது தேவையில்லை, ஆனாலும் பழக்கம்.

முதல் சில வருடம் அஞ்சலாட்சி கதவைச் சாத்திக்கொள்வார். இந்த நவம்பரில் உள்ளே கூப்பிட்டுத் தண்ணீர் கொடுத்தார். மேரிம்மா செம்பை வாயில் வைத்திருக்க, நான் வாசலுக்கு வந்து வண்டியைத் திருப்பினேன். அஞ்சலாட்சி பின்னாலேயே வந்தார்.

“தம்பி, ஜெயில்ல பாக்கப் போனப்ப அவரு சொன்னாரு. அந்தப் புள்ள வெறும் நான் இல்லேன்னு சொல்லலியாம். ‘நான் இல்லண்ணே, யாருன்னு எனக்கு இப்பதான் தெரியும், ஆனா சொல்ல மாட்டேன்’னுச்சாம். அத கோர்ட்ல சொல்ல அவருக்கு வாய் வரலியாம். எனக்கு ராவுல தூக்கம் வர்றதில்ல தம்பி. வேற எவனாச்சும் இருப்பானா?”

தெரியலைங்க என்றேன். வண்டியை உதைத்துக் கிளப்பிக்கொண்டிருந்தேன். அவர் நகரவில்லை. என் முகத்தைப் பார்ப்பதை விட்டுவிட்டு, சுற்றி வந்து பின்னால் நின்றுகொண்டார். ஏழு வருடத்துக்கு முன்னால் மதிலோரம் உட்கார்ந்திருந்தவர் பார்த்த அதே இடத்தைத்தான் அவரும் பார்க்கிறார் என்று எனக்குத் தெரிந்தது. முதுகு எரிந்தது.

தணிகாசலம் பொங்கலுக்குப் பரோலில் வருகிறார். “அவர நேர்ல பாத்து எம்புள்ளைக்காக மன்னிப்புக் கேக்கணும்டா, கூட்டிக்கினு போறியா?” என்று மேரிம்மா கேட்டிருக்கிறார்கள். சரி என்று சொல்லியிருக்கிறேன். அவர் இதே வார்த்தைகளை மேரிம்மாவிடம் சொல்வார். மேரிம்மாவுக்குத் தன் பிள்ளையைத் தெரியும். அவன் யாரைக் காட்டிக்கொடுக்க மாட்டான் என்பதும் தெரியும். அந்த வீட்டுக் கூடத்தில், இரண்டு பேருக்கும் நடுவில் நான் உட்கார்ந்திருப்பேன். இப்போதெல்லாம் தெருவில் மொபெட் சத்தம் கேட்டால் எனக்கு ஷூ கயிறு கட்டவே வருவதில்லை. பயிற்சிக்குச் செருப்போடு வருகிறேன், நீங்களே கவனித்து ஏன்டா என்று கேட்டீர்கள்.

அதனால் இங்கே எழுதிவிடுகிறேன். பந்தை உதைத்தது நான். சட்டையை மாற்றியது அவன் கேட்டதற்காக இல்லை, என்ன நடக்கும் என்று தெரிந்துதான் மாற்றினேன். தாடையால் காட்டியது நான், ஏறிப் போ என்று அனுப்பியது நான். ஆரோன் பொய் சொல்லவில்லை. மேரிம்மா பூசை வைக்க வேண்டியது அவனுக்கு இல்லை.

எழுதி முடித்ததும் மனசு லேசாகிவிட்டது அண்ணே. எப்படியோ ஒருவரிடம் சொல்லிவிட்டேன், என் கடமை முடிந்தது. மலரில் இடம் போதாது என்று நீங்கள் சொல்வது வழக்கம். அப்படி இருந்தால் சண்டே மார்க்கெட், சாயம் போனது, சீட்டு போட்டது வரைக்கும் மட்டும் போட்டுக்கொள்ளுங்கள், மீதித் தாள்களைக் கிழித்துவிடலாம். ஜெர்ஸியைப் பற்றி நீங்கள் கேட்டதெல்லாம் முதல் பக்கத்திலேயே வந்துவிட்டது.

அன்புடன்,
கோபிநாத்